கத்தரி பழகும் கைக்கு நம் தலையைக் கொடுக்கலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்று முடி வெட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறோம். "சேமிப்பு, உள்கடன்னு பேசுற இடத்துல இது எதுக்கு?" என்று பின்னால் சிலர் சிரிப்பது தெரிகிறது. இதுவும் சேமிப்பு விஷயம்தான். கூடவே நம்ம பொண்ணுங்க பிழைப்பு விஷயமும்தான்.

நம் குழுக் குடும்பங்களில் இருந்து எத்தனையோ பெண்கள் படிக்கவும் வேலைக்கும் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். தி.நகரில் கடை வேலை, மயிலாப்பூரில் ஆஸ்டல், அடையாரில் ஆபீஸ் என்று இருக்கிறார்கள். ஊரில் என்றால் முடி நுனியை அம்மாவோ அக்காவோ கத்தரித்து விடுவார்கள். அங்கே அதற்கும் பார்லருக்குத்தான் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். பெரிய பார்லரில் ஒரு தடவைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 மாதத்துக்கு ஒரு முறை போனால் வருஷத்துக்கு 2,000 ரூபாய். அதே முடியைப் பயிற்சி நிலையத்தில் 100 ரூபாய்க்கு வெட்டிக்கொண்டால் 400 ரூபாய். மிச்சம் 1,600. மாதம் 100 ரூபாய் சேமிப்புக் கட்டும் குழுவில் இது 16 மாதப் பணம். சும்மாவா?

"பயிற்சி நிலையம்னா என்ன?" என்று கேட்பீர்கள். 2000ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் வீணா குமரவேல் அவர்கள் 'நேச்சுரல்ஸ்' என்ற பார்லரைத் தொடங்கினார். அது பிறகு ஊர் ஊராகக் கிளை விட்டது. பல கிளைகளைப் பெண்களே எடுத்து நடத்துகிறார்கள். இப்படிப் பார்லர்கள் பெருகப் பெருக, வேலை தெரிந்த கைகளுக்குத் தேவை வந்தது. அதனால் முடி வெட்டக் கற்றுக் கொடுக்கும் பள்ளிகளும் பெருகின. தி.நகர், அடையார் பக்கமெல்லாம் இன்று பார்க்கலாம்.

அங்கே படிப்பவர்கள் முதலில் பொம்மைத் தலையில் பழகுவார்கள். ஆனால் பொம்மை அசையாது. பொம்மைக்குச் சுழி கிடையாது. ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் மெலிவு என்றும் இருக்காது. அதனால் ஒரு கட்டத்தில் உயிருள்ள தலை வேண்டும். அப்படித் தலை கொடுக்க வருபவரை 'மாடல்' என்பார்கள். அவர்களுக்குக் கட்டணம் குறைவு, சில இடங்களில் இலவசம். லண்டனில் உள்ள பெரிய முடிதிருத்தும் பள்ளிகளிலும் இதே வழக்கம்தான். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் நிற்க, படிக்கிற பிள்ளைகள் நம்மைப் பரிசோதிப்பதில்லையா? அது மாதிரிதான்.

போவதற்கு முன் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, "வெட்டும்போது டீச்சர் கூட இருப்பாங்களா? முடிச்சதும் பார்த்துச் சரி பண்ணுவாங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். விலை குறைவு என்பதற்காக மேற்பார்வை இல்லாத இடத்தில் உட்காரக் கூடாது.

இரண்டாவது, நேரம். தேர்ந்தவர் அரை மணியில் முடிப்பதைப் பழகுபவர் ஒன்றரை மணி நேரம் செய்வார். பணத்தில் மிச்சம் பிடிப்பதை நேரத்தில் கொடுக்கிறோம். விடுமுறை நாளில் போவது நல்லது.

மூன்றாவது, முதல் தடவை நுனி வெட்டு, நேர் வெட்டு, யூ கட் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காக வெட்டும் லேயர் கட்டுக்குக் கைப்பழக்கம் அதிகம் வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்பதை வாயால் மட்டும் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஈரத்தில் முடி நீண்டு தெரியும். காய்ந்ததும் ஏறிக்கொள்ளும். சுருள் முடிக்கு இது இன்னும் அதிகம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். 2 அங்குலம் கூடுதலாகப் போனால் 4 மாதம் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் வளர்ந்துவிடும்.

நான்காவது, சாயம், முடி நேராக்குவது போன்ற மருந்து வேலைகளுக்கு விலை மலிவு என்று தலையைக் கொடுக்காதீர்கள். வெட்டு தப்பினால் வளரும். தோல் வெந்தால் அப்படியில்லை. சாயம் போடுவதென்றால் 2 நாள் முன்பே கொஞ்சம் தோலில் தடவி அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளேடு எடுத்தால் புது பிளேடுதானா என்று பாருங்கள். ஒருவருக்குப் போட்ட பிளேடு வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம்.

இனி இதன் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கத்தரி பழகும் பெண் யார்? அவளும் நம்மைப் போன்ற ஒரு வீட்டுப் பெண்தான். நம் மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைப் பயிற்சி சாப்பாட்டோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு அழகுக்கலைப் படிப்பு இருக்கிறது. பயிற்சி முடித்துச் சான்றிதழோடு ஊருக்கு வருகிறாள். கடன் வாங்கி நாற்காலி, கண்ணாடி போடுகிறாள். முதல் தலையை யார் கொடுப்பது? "அவ இப்பத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கா" என்று எல்லாரும் விலகிப் போனால் கை எப்படிப் பழகும்? கடனை எப்படிக் கட்டுவாள்?

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். முடி வெட்டுவதை ஒரு சாதிக்காரர் வேலை என்று ஒதுக்கி வைத்தது நம் ஊர் வழக்கம். அந்த வீட்டுப் பெண்கள்தான் நம் பாட்டிமாருக்குப் பிரசவமும் பார்த்தார்கள். உயிரைக் காப்பாற்றிய கைக்குத் திண்ணையில் இடம் கொடுக்கவில்லை. இன்று அதே கத்தரியைச் சென்னையில் ஏ.சி. அறையில் பிடித்தால் 'மேடம்' என்கிறோம். ஊரில் பிடித்தால் முகம் சுளிக்கிறோம். "என் பொண்ணு இந்த வேலைக்கா?" என்று பயிற்சிக்கு அனுப்ப மறுத்த வீடுகளைக் களத்தில் நாங்கள் பார்த்திருக்கிறோம். வேலையில் கேவலம் கிடையாது. பார்க்கிற பார்வையில்தான் இருக்கிறது.

1989இல் தர்மபுரியில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியபோது, "இந்தப் பொம்பளைங்க கடனைக் கட்டுவாங்களா?" என்ற சந்தேகம் இருந்தது. யாரோ முதலில் நம்பிக் கொடுத்தார்கள். நாம் கட்டிக் காட்டினோம். நமக்குக் கிடைத்த அந்த முதல் நம்பிக்கையை இந்தப் பெண்களுக்கு நாம் கொடுக்க வேண்டாமா?

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். உங்கள் ஊராட்சியில் பயிற்சி முடித்து வந்த பெண் இருந்தால், குழுவுக்கு இரண்டு பேராவது முதல் 3 மாதம் அவளிடம் முடி வெட்டிக்கொள்வது என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். கட்டணம் குறைவாக இருக்கட்டும், ஆனால் இலவசமாகக் கேட்காதீர்கள். அவளுக்கும் தவணை கட்ட வேண்டும். வெட்டு கோணலாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லாமல் அவளிடமே சொல்லுங்கள். அடுத்த தலையில் சரியாகச் செய்வாள்.

சென்னையில் இருக்கும் உங்கள் பெண்களுக்குப் போன் செய்யும்போது இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தை அவர்கள் பெயரிலேயே சேமிக்கச் சொல்லுங்கள்.