அமுதசுரபி கேள்வி கேட்பதில்லை



மணிமேகலைக் காப்பியத்தின் பதினோராவது காதை, பாத்திரம் பெற்ற காதை. மணிபல்லவத்திலே மணிமேகலையைச் சந்திக்கும் தீவதிலகை, இரத்தினத் தீவத்துச் சமந்த மலையைப் பற்றியும் அதன் உச்சியிலுள்ள அடிச்சுவட்டைப் பற்றியும் கூறுகிறாள். நாம் சிவனொளிபாதம் என்று வணங்கும் மலைதான் அது. அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வருவதும் அதே காதையிலேதான். ஆகவே, சோறிடும் அறத்தைப் பற்றிய அந்தக் கதை சப்பிரகமுவ மக்களாகிய நமக்கு அந்நியமானதன்று.

சாத்தனார் பௌத்தத்தைப் போற்றவே நூல் செய்தார். அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஆயினும், புகார் நகரின் உலக அறவியில் மணிமேகலை சோறிடும்போது, வந்தவர் பசித்தவரா என்பது மட்டுமே கணக்கு. எந்தச் சமயத்தவர் என்று அவள் கேட்பதில்லை. சமயவாதிகளின் கொள்கைகளை ஆராய்வது வேறொரு காதையில், வஞ்சி மாநகரில். அங்கே கேட்பவள் பிச்சைக்கு வந்தவள் அல்லள், அறிய வந்தவள். சோற்றுக்கு ஓரிடம், வாதத்துக்கு வேறோரிடம். சமயப் பற்று மிகுந்த ஒரு புலவர் வகுத்த இந்த எல்லை நம் சிந்தனைக்கு உரியது.

இனி, தோட்டங்களுக்கு வருவோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இல்லாமை புதிதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் பஞ்சம் வாட்டியது. 1977இல் வன்செயல் லயங்களைத் தாக்கியது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தில் மண் சரிந்தது; அரநாயக்கவோடு புளத்கொஹுப்பிட்டிய களுபான தோட்டத்து லயமும் புதைந்தது. மறு ஆண்டு இரத்தினபுரியை வெள்ளம் மூடியது. இத்தகைய வேளைகளில் அரிசிப் பொதியோடு வருபவர் பலர். அவர்களிற் சிலர் அரிசியோடு ஒரு நிபந்தனையையும் கொண்டுவருகின்றனர் என்ற முறைப்பாடு நம்மிடையே அடிக்கடி எழுகிறது.

முதலில் நன்றியோடு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் மலைநாட்டில் தொடங்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவு தேவையென்று பலர் எண்ணியும் பாராத காலத்தில், மிஷனரிமார் பாடசாலை நடத்தினார்கள். அவர்களது நோக்கத்தில் மதமாற்றம் இருந்தது உண்மை. அவர்களால் அகரம் கற்ற தலைமுறைகள் உண்டென்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

'எனக்குக் கிடைத்த உண்மையைப் பிறனோடு பகிராமல் அரிசியை மட்டும் கொடுப்பது அரைகுறை அன்பல்லவா?' என்று விசுவாசி ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியை எள்ளி நகையாடலாகாது. தம் நம்பிக்கையைப் பேச அவருக்கு உரிமையுண்டு. கேட்டவர் மனம் மாறினால், அதுவும் அவரது உரிமையே. நமது அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை, தாம் விரும்பும் சமயத்தை ஏற்கும் சுதந்திரத்தை எவருக்கும் அளிக்கிறது. ஆனால், பேசும் இடம் எது? பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க முடியாமல் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு நிற்கும் தாய், மருந்துப் போத்தலை நீட்டுபவரிடம் 'வேண்டாம் ஐயா' என்று சொல்ல முடியுமா? மறுக்க முடியாதவரின் சம்மதம் சம்மதமாகாது. அப்படிப் பெற்ற ஆத்மாவால் எந்தச் சமயத்துக்குப் பெருமை?

இதைச் சட்டத்தால் தீர்க்கலாமா? 2003இல், கற்பித்தற் பணி செய்யும் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் மசோதாவை ஆராய்ந்த நமது உயர் நீதிமன்றம், உதவியோடு சமயப் பரப்பலும் சேர்வது பத்தாம் உறுப்புரைக்கு முரணென்றது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவோ, அதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்றும் சமய சுதந்திரம் மீறப்பட்டது என்றும் கண்டது. 2004இல் வந்த மதமாற்றத் தடை மசோதா சட்டமாகவில்லை. தண்டனைச் சட்டம் கைக்கு வந்தால், நேர்மையாகத் தொண்டு செய்பவரும் அச்சத்தில் கை மடக்குவர், இழப்பு லயத்துக்கே.

சட்டத்திலும் மேலான உரைகல் ஒன்றுண்டு. இன்று பிரார்த்தனைக்கு வர மறுத்தவளுக்கு நாளையும் அரிசி கிடைக்குமா? கிடைக்குமானால் அது தருமம், கிடைக்காதானால் வியாபாரம். செஞ்சிலுவை இயக்கமும் ஏனைய தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்ற நடத்தைக் கோவையும், நிவாரணம் எந்தச் சமய நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படலாகாதென்றே கூறுகிறது.

இந்த உரைகல் நமக்கும் பொருந்தும். 'சேர்ச்சுக்குப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தால் கொப்பி தருகிறோம்' என்று ஓர் இந்து மன்றம் சொன்னால், அதுவும் அதே வியாபாரம்தான். மிஷனரிமாரோடு வாதிட்ட ஆறுமுக நாவலர் வாதத்தோடு நின்றுவிடவில்லை. 1848இல் பாடசாலை திறந்தார். பஞ்சம் வந்தபோது யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார். மாரியம்மன் கும்பத்துக்கும் கோபுரத்துக்கும் நிதி திரட்டத் தெரிந்த நாம், கோயிலுக்குக் கீழேயுள்ள லயத்தில் கொப்பி இல்லாத பிள்ளையை அறியாதிருந்தால், அங்கே முதலிற் போனவரைக் குறைசொல்ல நமக்கு வாய் ஏது?

வெசாக் காலத்துத் தன்சலில் சோறு வாங்குபவரிடம் எவரும் சமயம் கேட்பதில்லை. அந்த நாகரிகம் நம் மண்ணில் ஏற்கனவே இருக்கிறது. அதை ஆண்டு முழுவதற்கும் ஆக்கிக்கொள்வதே நாம் செய்ய வேண்டியது.