பதினொரு பக்க இரண்டு ரூபாய்

நடத்துநர் கொடுக்கும் சில்லறையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எண்ணிப் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். இன்று அதில் ஒன்றை எடுத்து வாசித்துப் பார்க்கலாம். வாசிப்பு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நாணயத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அதை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள்.

வீட்டு உண்டியலைக் கவிழ்த்தால் பதினொரு பக்கம் கொண்ட பழைய இரண்டு ரூபாய் ஒன்றாவது விழும். 1992 முதல் புழக்கத்துக்கு வந்தது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், 6 கிராம் எடை. ஒருபுறம் சிங்கமுகம், மறுபுறம் இந்திய வரைபடமும் கொடியும். ஆண்டு எண்ணுக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அது பிறந்த ஊர் தெரியும். சின்ன வைர வடிவம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. 1990களின் பிற்பகுதியில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு நாணயச் சாலைகளிலும் நம் காசை அடித்து வாங்கினார்கள். மாஸ்கோவில் அடித்ததில் மூன்று ரஷ்ய எழுத்துகள் நுணுக்கமாக இருக்கும். முதன்முதல் அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொரு சோதனை. சிங்கம் நேராக நிற்கும்படி நாணயத்தின் மேலும் கீழும் விரல் வைத்துப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாகவோ சாய்ந்தோ நின்றால், அச்சு விலகி அடிக்கப்பட்ட காசு. சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள்.

இனி தேய்மானம். விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான், வயது அல்ல. மேடாக இருக்கும் இடம்தான் முதலில் தேயும். அதனால் சிங்கத்தின் மூக்கையும் பிடரியையும் முதலில் பாருங்கள். பிடரி முடி இழை இழையாகத் தெரிகிறதா, வழுவழுப்பாகிவிட்டதா? கை படாத புது நாணயத்தை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் வெளிச்சம் அதன் மேல் வட்டமாகச் சுழலும். புழங்கிய காசில் அது வராது.

அப்படியானால் உங்கள் இரண்டு ரூபாய் என்ன பெறும்? தேய்ந்திருந்தால் இரண்டு ரூபாய்தான். கோடிக்கணக்கில் அடித்த நாணயம் அது. 2012இல் வெளிவந்த வைஷ்ணோ தேவி படம் போட்ட நாணயத்துக்கு லட்சங்கள் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கட்டணம், வரி என்று பணம் பறிக்கிறார்கள். அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்து அறிக்கை விட்டது. விற்கிறவரிடம் முன்பணம் கேட்கிறவர் வியாபாரி அல்ல.

நம்மூர் நினைவு நாணயங்கள் சிலவும் இப்படிச் சில்லறையோடு சில்லறையாக வந்தவைதான். 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஒன்று வந்தது. எனக்கு நெருக்கமானது 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் ஐந்து ரூபாய் நாணயம்.

அந்த நாணயம் ஒன்று பள்ளிக்கூடக் காலத்தில் என் கைக்கு வந்தது. புத்தம் புதுசு. வள்ளுவரின் தாடியை இழை எண்ணிவிடலாம். இன்னும் மின்னட்டும் என்று புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். வெள்ளியாகப் பளபளத்தது. பல வருடம் கழித்து ஒரு நாணய வியாபாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, காசை விளக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். மேலெல்லாம் மயிரிழைக் கீறல். அச்சு தந்த பளபளப்பு எப்போதோ போய்விட்டது.

"யாருங்க தேய்ச்சது?" என்றார்.

"நான்தாங்க."

ஓரத்தை மட்டும் பிடித்து, மெதுவாக என் உள்ளங்கையில் வைத்தார். "அஞ்சு ரூபாய்க்குச் செல்லும் தம்பி," என்றார்.