மலை வகுத்த உயிர்க்குலம்

சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப் பாதையில் ஜோலார்பேட்டையைக் கடந்து வரும் பிரயாணி, மொரப்பூர் நிலையத்தில் இறங்கித் தெற்கே நோக்குவாராயின், ஒருபுறம் சேர்வராயன் மலையும் மறுபுறம் சித்தேரி மலையும் அடிவானத்தை மறித்து நிற்கக் காண்பார்.

இம்மலைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கருநிறக் கடும்பாறை. பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவான அதன் வயதைச் விஞ்ஞானிகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று நிர்ணயிக்கின்றனர். மழையும் வெயிலும் யுகக்கணக்காக அரித்ததில், தேய்ந்த நிலம் சமவெளியாயிற்று. தேயாமல் எதிர்த்து நின்றது மலையாயிற்று. அந்த வேற்றுமையே இங்குள்ள ஜீவராசிகளின் வேற்றுமைக்கும் மூலகாரணம்.

மொரப்பூரைச் சூழ்ந்த வெளியில், மண் மெலிந்து பாறை தலைகாட்டும் இடங்களில், வெள்வேலும் உசிலும் வறட்சியைப் பொறுத்து நிற்கின்றன. அங்கே ஒரு பாறையை நெருங்கிப் பாருங்கள்: வெயில் உறைக்கும் முகட்டில் ஓணான் தலையசைக்கிறது, நிழல் படிந்த வெடிப்பின் ஈரத்தில் பல்லி ஒண்டியிருக்கிறது, மழைநீர் தேங்கும் குழியில் கையளவு மண் சேர்ந்து, அதில் புல் முளைத்திருக்கிறது. ஒரே கல்லில் மூன்று உலகங்கள்!

சரிவில் ஏறினால் சந்தனமும் இலையுதிர் மரங்களும் எதிர்ப்படும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் உஷ்ணம் சுமார் ஆறு பாகை குறைகிறது. சேர்வராயனின் 1,600 மீட்டர் உயரத்தை நெருங்கும் சிகரப் பகுதியில் மூடுபனி தவழ, மரக்கிளைகளில் பாசியும் பெரணியும் தழைக்கின்றன.

உஷ்ணமான சமவெளி, இம்மலைகளைக் கடல் சூழ்ந்த தீவுகள்போலப் பிரித்து வைத்திருக்கிறது. ஈரமண்ணைத் துளைத்து வாழும் கேடயவால் பாம்பு அவ்வெளியைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்வது அரிது. அத்தகைய பாம்பொன்றைச் சேர்வராயன் மலையிலிருந்து பெட்டோம் என்பவர் 1863-இல் விவரித்தார். ஏற்காட்டின் பெயரையே தாங்கிய சிறு பல்லியினம் ஒன்று 2000-ஆம் ஆண்டில்தான் உலகுக்கு அறிமுகமாயிற்று.

ஆதலின், ஒரு குன்றைக் கல்லுக்காக உடைப்பவர், கல்லை மாத்திரம் எடுத்துச் செல்வதில்லை. பிரிந்து வாழ்ந்து தனியினமாகிவிட்ட உயிர், தன் மலையில் அழிந்தால் அடுத்த மலையிலிருந்து அதனை மீட்க இயலாது. நம் மலைகளைத் தனித்தனியே அறிந்து, தனித்தனியே பேணுவது நமது கடமை.