ஜப்பான் பக்கம் யார் ஆடுவது?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இரண்டாம் உலகப் போரின் பசிபிக் கடற்போரை வகுப்பில் விளையாட்டாக ஆட வைத்தால், மாணவர்கள் அமெரிக்கப் பக்கத்துக்குத்தான் போட்டி போடுவார்கள். வென்றவர் யார் என்று பாடநூலே சொல்லிவிட்டதே! ஆனால், கற்க அதிகம் இருப்பது ஜப்பான் பக்கத்தில்தான்.

அங்கே அமரும் மாணவருக்கு முதல் கவலை எதிரிக் கப்பல் அல்ல, எண்ணெய். தனக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பகுதியை ஜப்பான் அமெரிக்காவிடம் வாங்கி வந்தது. 1941 ஆகஸ்டில் அது நின்றுபோனது. இனி சீனாவிலிருந்து பின்வாங்குவதா, டச்சுக்காரர் வசமிருந்த சுமத்ரா, போர்னியோ எண்ணெய்க் கிணறுகளைப் பிடிப்பதா? பிடித்தாலும், எண்ணெயை ஊர் கொண்டுசேர்க்கக் கப்பல் வேண்டும்; அந்தக் கப்பல்களை நீர்மூழ்கிகளிடமிருந்து காக்க வேண்டும். ஒவ்வொரு வெற்றிக்கும் பிறகு காவல் காக்க வேண்டிய கடல் விரிந்துகொண்டே போகும். "ஜப்பான் ஏன் தோற்றது?" என்ற வினாவுக்கான விடையை மாணவர் இப்போது மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நடுவராக நிற்கும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1942 மே மாதத் தொடக்கத்தில், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை ஜப்பானியக் கடற்படையினர் யமாட்டோ போர்க்கப்பலில் மேசைமீது ஆடிப் பார்த்தார்கள். பகடை உருண்டது. ஒன்பது குண்டுகள் விழுந்து அகாகி, ககா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கியதாக முடிவு வந்தது. தலைமை நடுவரான உகாக்கி, ஒன்பதை மூன்றாக்கினார், அகாகி பிழைத்தது. மூழ்கிய ககாவும் அடுத்த ஆட்டத்தில் திரும்ப வந்தது. போருக்குப் பின் ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளே இதை எழுதினார்கள். நம் பிள்ளைகள் இதை அழுகுணி ஆட்டம் என்பார்கள். அந்த ஜூன் மாதம் மிட்வே அருகே அகாகி, ககாவோடு சோர்யூ, ஹிர்யூ கப்பல்களும் உண்மையிலேயே மூழ்கின.

ஆகவே, பிடித்த மாணவர் தோற்கிறார் என்று தாயக்கட்டையை மறுபடி உருட்ட விடாதீர்கள். எதிர்பாராத முடிவு வந்தால், "இது ஏன் நடந்திருக்கலாம்?" என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதை நியாயப்படுத்துவது வேறு. பர்மாவுக்குச் செல்லும் கடல்வழி ஆபத்தானதும் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து ரயில்பாதை போட்டது. வரைபடத்தில் அது ஒரு கோடு மட்டுமே. அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் ஏராளமானோர் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். ஆட்டப் பலகையில் அவர்களுக்குக் காய் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அவர்களைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஒரு வரைபடம், சில பொத்தான்கள், தாயக்கட்டை, இரண்டு பாடவேளை போதும். இரண்டாவது பாடவேளையில் பக்கங்களை மாற்றி அமர வையுங்கள்.