விழுங்கும் வல்லமையும் வாழ்வின் நலனும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புரையேறும்போது உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். ஆனால், ஒவ்வொரு கவளத்துக்கும் புரையேறி வருந்தும் ஒருவரை நாம் நினைப்பதுண்டா? அதுவே இன்று சபையோர் முன் நாம் வைக்கும் கேள்வி.

நமது ஆலய அன்னதானத்தில் பல்லாண்டு காலம் முன்னின்று பரிமாறிய பெரியவர் ஒருவர், பாரிசவாதம் கண்டபின் பந்திக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அழைத்தும் வராமையால், மனக்கசப்பு என்றே நாம் எண்ணியிருந்தோம். சென்ற குருபூசையன்று சோறும் கறியும் எடுத்துக்கொண்டு அவர் இல்லஞ் சென்றபோதுதான் உண்மை புலனாயிற்று. "தம்பிமாரே, நாலு பேர் முன்னிலையில் இருமிச் சிந்திக்கொண்டு எப்படிச் சாப்பிடுவேன்?" என்றார் அவர். நாம் தலை குனிந்தோம்.

விழுங்குதல் எளிய செயலன்று. நாக்கு உணவைப் பின்னே தள்ளியதும் மூச்சு ஒரு கணம் நிற்கின்றது. குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கின்றது. உணவுக்குழலின் வாயில் திறக்கின்றது. இவையனைத்தும் ஏறக்குறைய ஒரு செக்கனில் நடந்தேறுகின்றன. இவ்வொழுங்கு குலைந்தால் உணவும் நீரும் மூச்சுக்குழலுட் சென்று நியுமோனியா உண்டாகக்கூடும். பாரிசவாதம், பார்க்கின்சன் நோய், தொண்டைப் புற்றுநோய் முதலியவற்றால் இக்குறை நேர்கின்றது. சிலருக்கு இருமல்கூட வராமலே உணவு தவறான வழியிற் செல்லும்.

எனினும், இக்குறை உடலோடு நிற்பதன்று. 2002 ஆம் ஆண்டில் மக்ஹோர்னி முதலிய அமெரிக்க ஆய்வாளர் இந்நோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 44 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டனர். உண்ணும் ஆசை, உண்ண எடுக்கும் நேரம், அச்சம், மனச்சோர்வு, உறக்கம், பிறரோடு கூடிப் பழகுதல் ஆகியன யாவும் அதில் இடம்பெறுகின்றன. உண்ண இயலாதவர் இழப்பது சோற்றை மட்டுமன்று. பந்தியையும் சுற்றத்தையுமே இழக்கின்றார் என்பது இதனால் தெளிவாகும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில உள. உண்ணும்போது இருமல், உண்டபின் குரல் கரகரத்தல், உடல் மெலிதல் ஆகியன கண்டால் வைத்தியரிடமும் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் அழைத்துச் செல்லல் வேண்டும். பேச்சுச் சிகிச்சையாளர் பேச்சுக்கு மட்டும் உரியவரல்லர்; விழுங்குதலையும் சோதித்துப் பயிற்சி தருபவர் அவரே. உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை தரம் பிரித்த சர்வதேச முறை ஒன்றும் இன்று உண்டு. எவருக்கு எத்தரம் ஏற்றது என்பதை அவர்களே தீர்மானிப்பர். தண்ணீர் விரைந்து ஓடுவதாற் சிலருக்கு ஆபத்தாகும்; உதிரும் பிட்டும் சொதியில் மிதக்கும் இடியப்பமும் அவ்வாறே. நோயாளியை நிமிர்ந்து அமரச் செய்தல், சிறு கவளமாகக் கொடுத்தல், அவசரப்படுத்தாமை, உண்டபின் வாயைத் தூய்மை செய்தல், உடனே படுக்க விடாமை ஆகியவை நம் கைக்கு எட்டிய தொண்டுகள். "இன்னும் ஒரு வாய்" என்று அன்பினால் வற்புறுத்துவதும் தீங்காக முடியலாம்.

இளைஞர்களே! அன்னதானம் என்பது இலையில் இடுவதோடு முடிவதன்று. இட்டது இதமாக உள்ளே செல்லும்வரை அருகிருப்பதும் அதுவே. வருகின்ற குருபூசையில் இத்தகையோர்க்கென அமைதியான ஓரிடமும், அவரவர் சிகிச்சையாளர் சொன்ன பக்குவத்தில் உணவும், உடனமர்ந்து உண்ண இருவரும் ஒதுக்குவோமாக. அப்பெரியவரை அழைத்து வரும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். அவர் மீண்டும் பந்தியில் அமரும் நாளே நமது சங்கத்தின் உண்மையான ஆண்டு விழாவாகும்.