வாடகைத் தொட்டியில் எதைப் போடலாம், எதைப் போடலாகாது?

(ஜுருவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசும் மேடையில் குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலர் முணுமுணுப்பது எங்கள் காதிலும் விழுகிறது. முணுமுணுக்கட்டும். சென்ற ஆண்டு இதே குப்பையால் ஒரு தொழிலாளியின் கை வெந்தது. அந்தச் சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பழைய லயங்களைக் காலி செய்தபோது நாங்கள் பணம் சேர்த்து ஒரு ரோரோ தொட்டியை வாடகைக்கு எடுத்தோம். லோரியின் கொக்கி இழுத்து ஏற்றுமே, அந்தப் பெரிய இரும்புத் தொட்டி. மூன்று நாள் லயத்து முனையில் கிடந்தது. பகலில் நாங்கள் பலகையும் பழைய கட்டிலும் போட்டோம். இரவில் யாரோ இரண்டு கார் பேட்டரிகளையும் புல்மருந்துத் தகரங்களையும் அடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். கொட்டுமிடத்தில் அதைக் கிளறிய நேபாளத்துத் தம்பியின் முன்கையில் பேட்டரித் திராவகம் பட்டது. தொட்டிக்காரர் எங்களிடம் கூடுதல் பணம் கேட்டார். எதைப் போடக்கூடாது என்று அவர் முன்னமே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவர் குற்றம். ஆனால் மூன்று இரவும் காவல் வைக்காதது எங்கள் குற்றம். அந்தத் தம்பி செய்த குற்றம் என்ன?

ஆகவே முதலில், போடக்கூடியவை. உடைந்த நாற்காலி, மேசை, மெத்தை, கிழிந்த துணி, பலகை, ஓடு, செங்கல், காரை. தகரக்கூரையையும் இரும்பையும் போடலாம். ஆனால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் நாலு வெள்ளி கிடைக்குமே, அதை ஏன் விட வேண்டும்? மரக்கிளையைப் போடுவதானால் தொட்டிக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் அதைத் தனியாகத்தான் ஏற்பார்கள்.

இங்கே எடையைப் பற்றி ஒரு வார்த்தை. உலர்ந்த ரப்பர் கட்டை ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 0.6 டன். அதே அளவு கான்கிரீட் ஏறத்தாழ 2.4 டன், நான்கு மடங்கு! கட்டை நிறைந்த தொட்டியை லோரி தூக்கும். காரையும் மண்ணும் நிறைந்த அதே தொட்டியைத் தூக்கப் போனால் கொக்கி திணறும், ஓட்டுநர் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும். ஆதலால் காரை கொட்டும்போது பாதியோடு நிறுத்துங்கள். எதுவானாலும் விளிம்புக்கு மேல் குவிக்காதீர்கள். காண்டா கட்டி இரண்டு வாளிப் பால் சுமந்த தோளுக்குப் பாரம் என்றால் என்னவென்று நாங்களா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

இனி, போடலாகாதவை. நம் தோட்டத்துக்கு நெருக்கமானது புல்மருந்துத் தகரம். பாராகுவாட் என்னும் நஞ்சு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. தடை வந்தது மருந்துக்கு; பழைய தகரங்கள் சில கொட்டகைகளில் இன்னும் கிடக்கின்றன. மிச்ச மருந்து உள்ள தகரத்தைத் தொட்டியிலும் போடக்கூடாது, கால்வாயிலும் கவிழ்க்கக்கூடாது. இப்போது உபயோகத்திலுள்ள மருந்தானால், காலியான தகரத்தை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் தோம்பிலேயே ஊற்ற வேண்டும். பிறகு தகரத்தில் ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டை எதற்கு? அதில் யாரும் குடிதண்ணீர் பிடிக்காமல் இருப்பதற்கு! தாய்மார்களே, சிரிக்காதீர்கள். வாளி வாங்க வழியில்லாத நாளில் அப்படிப் பிடித்த வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது கூரைத் தகடு. ஆஸ்பெஸ்டாஸ் தகடு கூரையில் சும்மா இருக்கும்வரை பெரும் தொல்லை தராது. சுத்தியலால் உடைத்துத் தொட்டியில் எறிந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலில் குத்தி நிற்கும். நோய் மறுநாள் வராது. இருபது, முப்பது ஆண்டு கழித்து வரும். அப்போது எந்த முதலாளியிடம் போய் நஷ்டஈடு கேட்பது? உடைக்காமல், நனைத்து, கெட்டியான பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கென உள்ளவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

கார் பேட்டரி, கருப்பு எண்ணெய், சாயம், டியூப் லைட், தொலைக்காட்சி, கைத்தொலைபேசி பேட்டரி, கேஸ் தோம்பு, இவை எதுவும் கூடாது. டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. கைத்தொலைபேசி பேட்டரி நசுங்கினால் தானே தீப்பிடிக்கும். பினாங்கு மாநிலத்துக் குப்பை போய்ச் சேரும் புலாவ் பூரோங்கில் 2022 ஜனவரியில் தீப்பற்றி, நாள் கணக்கில் புகைந்து, பக்கத்துக் குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது நினைவிருக்கும். குப்பைமேட்டுத் தீயை அணைப்பது வீட்டுத் தீயை அணைப்பது போலன்று. மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும்.

டயரும் ஆகாது. முழு டயரைப் புதைத்தாலும் மெல்ல மேலே வந்துவிடும். வெளியே போட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பிறக்கும். வெட்டில்லாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொல்வது ஏன் என்று பால்மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். டயரைக் கவிழ்த்தாலும் தண்ணீர் நிற்கும், அதுதான் வித்தியாசம். டயர் மாற்றும் கடையிலேயே பழையதை விட்டுவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் சட்டம் சொல்லவில்லையா என்று ஒரு கிராணியார் கேட்டார். சொல்கிறது. 2005-ஆம் ஆண்டு விதிகள் 77 வகைக் கழிவுகளை அட்டவணையிட்டு, அவற்றைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கலாகாது என்கின்றன. அப்படிப்பட்ட கழிவுக்கென நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் தனி ஆலையே இருக்கிறது. வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவதைப் பினாங்கு அரசாங்கம் 2016 ஜூன் முதல் கட்டாயமாக்கியது. ஆனால் சட்டப் புத்தகம் இரவில் வந்து தொட்டிக்குக் காவல் நிற்காது, தோழர்களே.

ஜுருக்காரர்களுக்கு இது புதுக் கதையும் அல்ல. 1970-களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு ஜுரு ஆற்றில் இறங்கி, கோலா ஜுரு மீனவர்களின் மீனும் சிப்பியும் செத்தன. அவர்கள் சும்மா இருக்கவில்லை. மனுப் போட்டார்கள், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் துணை நின்றது, பிறகு கூட்டாகச் சிப்பி வளர்த்துப் பிழைத்தார்கள். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசீர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் 111 பள்ளிக்கூடங்களை மூட நேர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறிச் சிகிச்சைக்கு ஓடினார்கள். கொட்டியவர்கள் சிலர், மூச்சுவிட முடியாமல் தவித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொட்டி வருகிறது. இம்முறை எதை ஏற்பார், எவ்வளவு எடை, மிஞ்சினால் என்ன கட்டணம் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டோம். பிரதி கிராணியாரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். இரவில் தார்ப்பாய் போட்டு மூடுவோம். இரண்டிரண்டு பேராகக் காவல். சனி இரவுக்கு இருவர் பெயர் கொடுத்துவிட்டார்கள், ஞாயிறு இரவுக்கு இன்னும் யாரும் கொடுக்கவில்லை. பேட்டரி, எண்ணெய், தகரம் வைத்திருப்பவர்கள் தொட்டிப் பக்கம் போகாமல் நேரே கொட்டகைக்குக் கொண்டு வாருங்கள். யாருடையது என்று கேட்கமாட்டோம். ஞாயிறு இரவுக் காவலுக்கு வருகிறவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்.