கட்டு எவ்வளவு, கிலோ எவ்வளவு?



நெல்லுக்கு விலை சொல்ல அரசு இருக்கிறது. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,369 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. பாலுக்கும் அப்படியே. 2023 டிசம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ஆனது. எருமைப்பால் 44-லிருந்து 47 ஆனது. அதே வயலில் நெல்லோடு விளைந்து, மாட்டின் வயிற்றுக்குள் போய்ப் பாலாக வெளிவருகிற வைக்கோலுக்கு மட்டும் விலை சொல்ல ஆள் இல்லை. தரகர் போனில் சொல்வதுதான் விலை. காலையில் ஒன்று சொல்கிறார், லாரி வந்து வாசலில் நின்ற பிறகு இன்னொன்று சொல்கிறார்.

இன்று பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம், எருமைகள் சுமார் 5 லட்சம். நாலு ஏக்கர் நிலம் உள்ள வீட்டில் வைக்கோல் தானாக வந்து சேர்ந்துவிடும். சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாமல், கூலி வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு கறவை மாடுகளைக் கட்டி வளர்க்கிற பெண்மணி என்ன செய்வார்? வரப்பில் புல்லறுத்து வருவார். மீதிக்கு வைக்கோலைக் காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். வைக்கோல் விலை ஏறினால் முதல் அடி அவர் வீட்டுக் கொட்டகையில்தான் விழுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கிற பசு. 2023-ல் பால் விலை லிட்டருக்கு மூன்று ரூபாய் கூடியதால் அந்தப் பெண்மணிக்கு ஒரு நாளைக்கு 24 ரூபாய் அதிகம் கிடைத்தது. அந்தப் பசு தினமும் ஆறு கிலோ வைக்கோல் தின்கிறது. கிலோ எட்டு ரூபாயாக இருந்தது பஞ்சத்தில் பதினைந்து ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 48-லிருந்து 90. போராடிப் பெற்ற 24 ரூபாயை வைக்கோல் விழுங்கிவிட்டு, இன்னும் 18 ரூபாயைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பால் விலைக்காகச் சாலையில் பாலைக் கொட்டிப் போராடியிருக்கிறோம். வைக்கோல் விலைக்காக யாரும் ஒரு மனு எழுதியதாகக்கூடத் தெரியவில்லை.

விலையே தெரியாத பொருளுக்கு எப்படி மனு எழுதுவது? கிலோவுக்கு இவ்வளவு என்று வைக்கோலை யாரும் விற்பதில்லை. கட்டுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. டிராக்டருக்குப் பின்னால் ஓடுகிற இயந்திரம் வைக்கோலைச் சுருட்டிச் சுருட்டி உருளையாகத் தள்ளுகிறது. ஒரு வண்டிக்காரர் இறுக்கிச் சுருட்டுவார். இன்னொருவர் தொளதொளவென்று சுருட்டுவார். பார்வைக்கு இரண்டும் ஒரே உயரம், ஒரே விலை. தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஈரத்தோடு சுருட்டிய கட்டு எடை கூடுதலாகவே இருக்கும். ஆனால் அந்த எடை தண்ணீரின் எடை. அனுபவப்பட்டவர்கள் கட்டின் நடுவில் கையை முழங்கை வரை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே சூடு தட்டினால் வேண்டாம் என்று விடுவார்கள். ஒரு பிடி உருவி மோந்து பார்ப்பார்கள். மேலே பொன் நிறம், உள்ளே கறுப்புப் பூசணம் என்றால் அது தீவனமல்ல, குப்பைக்குழிக்குப் போகவேண்டிய சரக்கு. புதிதாக மாடு வாங்கியவர் இதையெல்லாம் அறியமாட்டார். வீட்டில் இறக்கி, பத்து நாள் கழித்துப் பிரிக்கும்போதுதான் அழுவார்.

அந்தக் காலத்தில் கையறுப்பு. களத்தில் கட்டடித்து, மாடு விட்டுப் போரடித்து, மிதிபட்டு மிருதுவான வைக்கோலை மழைத்தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாகப் போர் போட்டார்கள். ஆண்டு முழுக்க அதிலிருந்து உருவி உருவிப் போட்டார்கள். இன்று காவிரி டெல்டாவில் அறுவடை என்றால் இயந்திரம்தான். சேற்று வயலில் செயின் வண்டி ஏறி இறங்கினால் வைக்கோலில் ஒரு பங்கு சேற்றோடு அமுங்கிப் போகிறது. குறுவை அறுப்பு நடக்கிற புரட்டாசி ஐப்பசியில் மழை வேறு. குறுவை வைக்கோல் பெரும்பாலும் வயலிலேயே அழுகுகிறது. காய்ந்த நல்ல வைக்கோல் கிடைப்பது தையிலும் மாசியிலும் சம்பா, தாளடி அறுக்கும்போது மட்டும்தான். அந்த இரண்டு மாதத்தில் வாங்கி வைக்கப் பணமும் இடமும் உள்ளவர் தப்பித்தார். இல்லாதவர் அடுத்த தை வரை தரகர் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

வைக்கோல் குறைந்ததற்கான இன்னொரு காரணத்தைப் பலரும் யோசிப்பதில்லை. 1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. அதன் பிறகு குட்டை ரகங்கள் வந்தன. மணி பெருகியது, பசி தீர்ந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மணிக்கு இவ்வளவு தாள் என்ற பழைய விகிதம் குறைந்துபோனது. ஆளுயர நெல் கொடுத்த வைக்கோலை இடுப்புயர நெல்லிடம் கேட்க முடியாது.

இருப்பது குறைவு, கேட்பவர்களோ ஏராளம். கேரளத்தில் 1970-களில் சுமார் 8.75 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேர்தான். அங்கே வயல் போன அளவுக்கு மாடு போகவில்லை. அதனால்தான் வாளையாறு எல்லை வழியாகத் தமிழ்நாட்டு வைக்கோல் மலைபோல் ஏற்றிய லாரிகளில் போகிறது. அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, அவர்களும் மாட்டுக்காரர்கள்தான். அந்த லாரியை இன்னொரு முறை கவனித்துப் பாருங்கள். கூரை முட்ட ஏற்றியும் எடை நிறையாது. வைக்கோலுக்குப் பாதி உடம்பு காற்று. தூரம் கூடக்கூட வாடகைதான் விலையாகிறது.

பஞ்சாபில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் சேர்கிறது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே அவகாசம் என்பதால் அதில் பெரும்பகுதியைக் கொளுத்தி வந்தார்கள். அங்கே எரிவது இங்கே வரக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு அந்த லாரி வாடகைதான் பதில்.

வைக்கோல் வெளியே போகாமல் தடை போடலாமே என்பவர்களுக்கு, வடக்கே 2022-ல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மார்ச் மாத வெயிலில் கோதுமை வாடியது, வைக்கோலும் குறைந்தது. ஹரியானாவில் சில மாவட்ட நிர்வாகங்கள் கோதுமை வைக்கோலை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று தடை போட்டன. ராஜஸ்தானில் கோசாலைகள் தவித்தன. அந்த ஆகஸ்டில் தீவனத்தின் மொத்தவிலைப் பணவீக்கம் 25.54 சதவீதத்தைத் தொட்டது. தடை போட்ட மாவட்டத்தில் மாடு பிழைத்தது. பக்கத்து மாவட்டத்தில் வைக்கோல் விலை இன்னும் ஏறியது. ஆகவே தடை நமக்கு வழியல்ல.

நமக்கும் அனுபவம் இருக்கிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. உலர்தீவனக் கிடங்குகள் திறந்து கிலோ 2 ரூபாய்க்கு, மாடு ஒன்றுக்கு நாளைக்கு 3 கிலோ கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வைக்கோலை வாங்கியது விலை உச்சத்தில் இருந்தபோது. பாதி மாடு சந்தைக்குப் போன பிறகு கிடங்கு திறப்பதைவிட, மாசியில் வாங்கிப் போர் போட்டு வைப்பது அரசுக்கும் மலிவு, மாட்டுக்கும் உயிர்.

அந்த வேலையைச் செய்யப் புதிதாக எந்த அமைப்பும் வேண்டாம். ஊருக்கு ஊர் பால் சங்கம் இருக்கிறது. கணக்கு எழுதச் செயலாளர் இருக்கிறார், தினமும் இரண்டு வேளை உறுப்பினர்கள் வருகிறார்கள். தை மாசியில் சங்கமே எடைபோட்டு வாங்கி, தார்ப்பாய் போட்டு மேட்டு நிலத்தில் அடுக்கி, ஆடிக்குப் பிறகு உறுப்பினருக்குக் கிலோ கணக்கில் கொடுத்து, பால் பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். கட்டும் இயந்திரம் ஒன்றை நாலு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து வாங்கினால் சுருட்டும் கூலியும் நம் கைக்குள் வரும்.

கையில் உள்ள வைக்கோலைச் சத்தாக்கவும் வழி உண்டு. வெறும் வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு சதவீதம்தான். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பிரித்து ஆறவிட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குப் போடவே கூடாது. யூரியாவைத் தண்ணீர்த்தொட்டியில் கலப்பது உயிருக்கே ஆபத்து. இதை ஊருக்கு ஒருவர் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குக் காட்டித்தர வேண்டும்.

இந்த மேடையிலிருந்து அரசிடம் கேட்பது ஒன்றுதான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல், எள், பருத்திக்கு விலை எழுதிப்போடுகிற அதே பலகையில் வைக்கோலுக்கும் ஒரு வரி வேண்டும். கட்டுக்கு அல்ல, கிலோவுக்கு. அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். பால் சங்க வாசலில் கொழுப்புச் சதவீதம் எழுதுகிற பலகை இருக்கிறதே, நாளைக் காலையே அதன் ஓரத்தில் உள்ளூர் விலையைச் செயலாளர் எழுதட்டும். ஒரு தராசும் வாசலில் நிற்கட்டும். லாரியிலிருந்து இறங்குகிற கட்டுகளில் எந்தக் கட்டை எடைபோடுவது என்பதை வாங்குகிறவர் கைகாட்டட்டும், விற்கிறவர் அல்ல.